ரெஜைனாவிலிருந்து டொராண்டோவுக்கு: பி.ஆர். போய்விடுமா, எதை முடித்துவிட்டுக் கிளம்புவது?

வாசகர் கேள்வி: கனடாவின் சாஸ்காட்செவன் மாகாணப் பரிந்துரையில் பி.ஆர். (நிரந்தரவாசி உரிமை) கிடைத்து, சென்ற ஆண்டு மே மாதம் திருச்சியிலிருந்து ரெஜைனா வந்தோம். கணவர் மெக்கானிக்கல் டிப்ளமோ. இங்கே ஒரு கிடங்கில் இரவு ஷிப்ட் பார்க்கிறார். நான் பி.எஸ்சி. நர்சிங். முதியோர் இல்லத்தில் பராமரிப்பு உதவியாளராக வேலை பார்த்துக்கொண்டே நர்ஸ் பதிவுக்கு முயல்கிறேன். தேர்வு மட்டும் பாக்கி. பையனுக்கு எட்டு வயது. டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் இருக்கும் என் கொழுந்தனார், "பேஸ்மென்ட் காலியாகிறது, டிசம்பரில் வந்துவிடுங்கள், வேலை தானாகக் கிடைக்கும்" என்கிறார். இங்குள்ள நண்பர் ஒருவரோ, "பரிந்துரைத்த மாகாணத்தை விட்டுப் போனால் பி.ஆர். பறிபோகும்" என்கிறார். யார் சொல்வது சரி? நம்மவர்கள் எல்லோரும் ஏன் கடைசியில் டொராண்டோவுக்கே போய்ச் சேருகிறார்கள்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நண்பர் சொன்னது பாதி சரி. கொழுந்தனார் சொன்னதில் டிசம்பர் தவறு, "தானாக" என்ற சொல்லும் தவறு.

முதலில் பயத்தைத் தீர்ப்போம். கனடாவின் 1982 உரிமைச் சாசனத்தின் 6-ஆம் பிரிவு, குடிமக்களுக்கு மட்டுமல்ல, நிரந்தரவாசிகளுக்கும் எந்த மாகாணத்துக்கும் போய்க் குடியிருக்கவும் பிழைக்கவும் உரிமை தருகிறது. அந்த உரிமை பி.ஆர். கையில் வந்த நாளிலிருந்தே உங்களுக்கு உண்டு. ஆனால் மாகாணப் பரிந்துரைப் பிரிவில் வருபவர்களுக்குக் குடிவரவு விதிமுறைகளில் ஒரு நிபந்தனை இருக்கிறது: பரிந்துரைத்த மாகாணத்தில் வாழும் எண்ணம் இருக்க வேண்டும். இத்தனை மாதம் தங்க வேண்டும் என்று சட்டம் எங்கும் எண் போடவில்லை. விண்ணப்பித்தபோதும், விசா கிடைத்தபோதும், வந்து இறங்கியபோதும் அந்த எண்ணம் உண்மையாக இருந்ததா என்பதைத்தான் பார்ப்பார்கள்.

சிக்கலில் மாட்டுபவர்கள் வேறு ரகம். டொராண்டோ விமான நிலையத்தில் இறங்கி, "பி.ஆர். அட்டையை ஸ்கார்பரோ முகவரிக்கு அனுப்புங்கள்" என்று சொல்லி, சாஸ்காட்செவன் பக்கம் தலைவைத்தும் படுக்காதவர்கள். அவர்கள் மீது, பொய்யான தகவல் தந்து அந்தஸ்து பெற்றதாக நடவடிக்கை வரலாம். நிரூபணமானால் பி.ஆர். போவதோடு ஐந்து ஆண்டுத் தடையும் சேரும். பி.ஆர். முடிவாகும் முன்பே மாகாணத்தை விட்டுக் கிளம்புபவர்களுக்கும் ஆபத்து உண்டு, மாகாணம் பரிந்துரையையே திரும்பப் பெறலாம். நீங்கள் இந்த இரண்டிலும் இல்லை. ஒன்றரை ஆண்டாக அங்கே வாடகை கட்டி, வேலை பார்த்து, பையனைப் பள்ளியில் சேர்த்து, வரி தாக்கல் செய்திருக்கிறீர்கள். இதைவிட நல்ல சான்று கிடையாது. ஆனால் சான்று காகிதத்தில் இருக்க வேண்டும். வாடகை ஒப்பந்தம், சம்பளச் சீட்டுகள், பையனின் பள்ளிச் சேர்க்கைத் தாள், சாஸ்காட்செவன் சுகாதார அட்டையின் நகல், கணவர் தன் படிப்புக்கேற்ற வேலைக்கு அங்கேயே விண்ணப்பித்துக் கிடைக்காமல் போன மின்னஞ்சல்கள், எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வையுங்கள். அந்த மறுப்புக் கடிதங்களை ஆத்திரத்தில் அழித்துவிடுபவர்கள் உண்டு. ஏன் மாகாணம் மாறினீர்கள் என்ற கேள்விக்கு அவைதான் நேரான பதில்.

பின்னால் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது கடந்த ஐந்து ஆண்டின் முகவரிகளையும் வேலைகளையும் எழுத வேண்டும். உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். ஐந்து ஆண்டில் 1,095 நாள் என்ற கணக்குக்கு ரெஜைனாவில் கழிந்த நாளும் ஸ்கார்பரோவில் கழியும் நாளும் ஒன்றுதான். பி.ஆரைத் தக்கவைக்க வேண்டிய 730 நாளுக்கும் அப்படியே.

அடுத்து, எல்லோரும் ஏன் டொராண்டோவுக்கே போகிறார்கள் என்ற கேள்வி. இதற்குப் பதில் தெரிந்தால்தான் உங்கள் முடிவும் தெளிவாகும். ஒரு குடும்பம் நாட்டைத் தேர்ந்தெடுப்பதும் ஊரைத் தேர்ந்தெடுப்பதும் இரண்டு தனி முடிவுகள். எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற குடிவரவுத் தேர்வு முறையில் மொத்தம் 1,200 புள்ளி. அதில் மாகாணப் பரிந்துரைக்கு மட்டும் 600. மொழித் தேர்விலும் வயதிலும் பத்து இருபது புள்ளிக்கு அல்லாடுபவருக்கு அது கதவையே பெயர்த்துத் தருவது போன்றது. அதனால் பலருக்கு மாகாணம் என்பது கதவு மட்டும்தான். உள்ளே வந்த பிறகுதான் எந்த அறையில் படுப்பது என்று யோசிக்கிறார்கள். அப்போது புள்ளிக் கணக்கு போய்விடுகிறது. உறவு, மொழி, கோயில், மளிகைக்கடை, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒரு கை, இவை முன்னால் வந்து நிற்கின்றன.

இது இன்றைய கதையல்ல. 1986 ஆகஸ்ட் 11 அன்று நியூஃபவுண்ட்லாந்து கடற்கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்துகொண்டிருந்த 155 ஈழத்தமிழரை உள்ளூர் மீனவர்கள் மீட்டார்கள். காப்பாற்றிய ஊர் அன்பான ஊர்தான். ஆனாலும் சில நாட்களிலேயே அவர்கள் மான்ட்ரியாலுக்கும் டொராண்டோவுக்கும் போய்ச் சேர்ந்தார்கள், ஏனென்றால் தமிழில் பேச ஆளும், தங்க இடமும், முதல் வேலைக்குக் கைகாட்டுபவரும் அங்கேதான் இருந்தார்கள். பிரெஞ்சு தெரியாமல் மான்ட்ரியாலில் திணறியவர்களில் பலர் பின்னர் இன்னொரு தடவை மூட்டை கட்டி ஒன்டாரியோ வந்தார்கள். 2021 கணக்கெடுப்பிலும் அதே சாய்வு தெரிகிறது: அதற்கு முந்தைய ஐந்தாண்டில் கனடா வந்தவர்களில் 29.5 விழுக்காட்டினர் டொராண்டோ பெருநகரில் இருந்தார்கள், மான்ட்ரியாலில் 12.2, வான்கூவரில் 11.7.

ஆனால் எதிர்த்திசையிலும் ஓட்டம் இருக்கிறது, அதை உங்கள் கொழுந்தனார் சொல்லமாட்டார். வீட்டு விலையும் வாடகையும் தாங்காமல் ஒன்டாரியோவிலிருந்து ஆல்பர்ட்டா போகிறவர்கள் ஏராளம். 2022-இல் ஆல்பர்ட்டா அரசு டொராண்டோவிலும் வான்கூவரிலும் விளம்பரம் வைத்தே ஆள் கூப்பிட்டது. 2023-இல் மற்ற மாகாணங்களிலிருந்து ஆல்பர்ட்டாவுக்கு வந்தவர்கள், அங்கிருந்து போனவர்களைவிட 55,000-க்கு மேல் அதிகம். அதே ஆண்டு ஒன்டாரியோ பிற மாகாணங்களிடம் ஆட்களை இழந்தது. ஆக, "எல்லோரும் டொராண்டோ போகிறார்கள்" என்பதில் போகிறவர்கள் கண்ணுக்குத் தெரிகிறார்கள், திரும்பி வெளியேறுகிறவர்கள் தெரிவதில்லை.

உங்கள் வீட்டில் இந்த முடிவு கணவரின் வேலையைச் சுற்றி நடக்கிறது என்று கடிதத்தில் தெரிகிறது. என் கணக்கில் உங்கள் நர்ஸ் பதிவுதான் நடுப்புள்ளி. நர்ஸ் உரிமம் மாகாணத்துக்கு மாகாணம் தனி. சாஸ்காட்செவனில் தொடங்கிய கோப்பை அரைகுறையாக விட்டுவிட்டு ஒன்டாரியோ போனால், ஒன்டாரியோ நர்ஸ் கல்லூரியில் (பெயர்தான் கல்லூரி, வேலை உரிமம் தருவது) வெளிநாட்டில் படித்தவராகப் புதுக் கோப்பு திறக்க வேண்டியிருக்கும். சான்றிதழ் அனுப்புதல், மதிப்பீடு, காத்திருப்பு, கட்டணம் என்று பாதி இரண்டாம் முறை. அதற்கு மாறாக, ரெஜைனாவிலிருந்தே என்.சி.எல்.இ.எக்ஸ். என்ற நர்ஸ் உரிமத் தேர்வை எழுதி, சாஸ்காட்செவனில் முழுப் பதிவு பெற்றுவிட்டால், நீங்கள் "வேறு மாகாணத்தில் பதிவுபெற்ற நர்ஸ்" ஆகிவிடுகிறீர்கள். 2017 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள கனடிய உள்நாட்டு வணிக ஒப்பந்தத்தின் தொழிலாளர் நகர்வுப் பகுதிப்படி, ஒரு மாகாணம் உரிமம் கொடுத்தவரிடம் அடுத்த மாகாணம் பெரிய அளவில் புதுப் படிப்போ தேர்வோ கேட்கக் கூடாது. நன்னடத்தைச் சான்று, ஆங்கிலத் திறன், கட்டணம் போன்றவை மட்டும் மிச்சம். பராமரிப்பு உதவியாளர் சம்பளத்துக்கும் பதிவுபெற்ற நர்ஸ் சம்பளத்துக்கும் உள்ள இடைவெளியில்தான் டொராண்டோ வாடகை அடங்கும். தேர்வு முடியாமல் நகராதீர்கள் என்று இதனால்தான் சொல்கிறேன். எலக்ட்ரீஷியன், வெல்டர் போன்ற கைத்தொழிலில் இருப்பவர்களுக்கும் இதே விதி: மாகாணங்கள் ஏற்கும் ரெட் சீல் என்ற தொழில்திறன் முத்திரையை வாங்கிக்கொண்டு மாகாணம் மாறுவது வேறு, பயிற்சி நேரம் பாதியில் நிற்க மாறுவது வேறு.

கணவர் விஷயத்தில் வேலை முதலில், ராஜினாமா பிறகு. வேலை போனால் அரசு பணம் தரும் வேலைக் காப்பீடு இங்கே குறுக்கே வரும். போதிய காரணமில்லாமல் தானாக வேலையை விட்டவருக்கு அந்தப் பணம் கிடையாது. "தம்பி வீட்டுக்குப் பக்கத்தில் போகிறேன்" என்பது போதிய காரணமாகாது. ஆனால் அவருக்கு ஒன்டாரியோவில் வேலை உறுதியாகி, அவரோடு போவதற்காக நீங்கள் வேலையை விட்டால், துணையோடு இடம்பெயர்வதைச் சட்டம் நியாயமான காரணமாக ஏற்கிறது. தேவையான வேலை நேரம் சேர்ந்திருந்தால் (இடத்தின் வேலையின்மை விகிதத்தைப் பொறுத்து 420 முதல் 700 மணி) நீங்கள் விண்ணப்பிக்கலாம். இரண்டு பேரும் ஒரே வெள்ளிக்கிழமை ராஜினாமா கொடுத்துவிட்டு லாரி ஏறினால் இருவருக்கும் ஒன்றும் இருக்காது.

வேலை எங்கே என்பதையும் பாருங்கள். டொராண்டோ என்று நாம் ஒரு சொல்லில் சொல்வது ஒரு ஊரல்ல. கிடங்கு, தளவாடம், உதிரிபாக ஆலை வேலைகள் மேற்கே மிஸ்ஸிசாகாவிலும் பிராம்ப்டனிலும் குவிந்திருக்கின்றன. கொழுந்தனாரின் பேஸ்மென்ட் கிழக்குக் கோடியில். நடுவில் 401 நெடுஞ்சாலை. ஒரு பக்கத்துக்கு 40, 50 கிலோமீட்டர், நெரிசலில் ஒரு மணி நேரத்துக்கு மேல். அருகிலேயே ஓடும் 407-இல் போனால் சுங்கம். ரெஜைனாவில் பத்து, பதினைந்து நிமிடத்தில் வேலைக்குப் போய்ப் பழகியவருக்கு இது சம்பளக் குறைப்பு மாதிரி. ஆகவே வேலை கிடைத்த பிறகு வீடு.

அந்த பேஸ்மென்ட் பற்றி: உறவினர் வீடு என்பதால் கேட்கக் கூச்சமாக இருக்கும், கேளுங்கள். தீப்பிடித்தால் வெளியேற வழி இருக்கிறதா, ஒரே படிக்கட்டுதான் என்றால் ஆள் நுழையும் அளவு சன்னல் இருக்கிறதா? படுக்கையறைக்கு அருகே புகை எச்சரிக்கையும் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கையும் வேலை செய்கிறதா? பொத்தானை அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய வீடுகளில் கீழ்த்தளக் குடித்தனத்துக்குக் கட்டட விதி கேட்கும் உயரம் 1.95 மீட்டர், அதாவது ஆறடி ஐந்து அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. குழாய்ப் பெட்டிக்கு அடியில் தலை இடித்தால் சந்தேகப்படுங்கள். வெப்பத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி பெரும்பாலும் மேல்மாடியில்தான் இருக்கும். பிப்ரவரியில் கீழே குளிரும்போது மேலே ஏறி ஓரகத்தியிடம் கேட்க வேண்டிய நிலை எத்தனை மாதம் தாங்கும் என்று நீங்களே யோசியுங்கள். தற்காலிகமாக ஒரு மாதம், இரண்டு மாதம் என்று முன்கூட்டியே பேசிவிட்டுப் போனால் உறவும் மிஞ்சும். வாடகை கொடுத்தால் ரசீது வாங்குங்கள். ஒன்டாரியோவில் டிரில்லியம் உதவித்தொகைக்கு வாடகைச் செலவைக் காட்ட வேண்டும்.

வெளியில் வீடு பிடித்தால், ஒன்டாரியோவில் சட்டப்படி முதல் மாத வாடகையோடு கடைசி மாத வாடகையை வைப்பாகக் கேட்கலாம். அதற்கு மேல் கேட்கக் கூடாது. "சேத வைப்பு" என்று தனியாகவும், புதிதாக வந்தவர் என்பதற்காக ஆறு மாத வாடகையை முன்பணமாகவும் கேட்பது சட்டத்துக்குப் புறம்பு. இன்னொரு கேள்வியை அநேகம் பேர் கேட்பதில்லை: இந்தக் கட்டடத்தில் முதன்முதலாக ஆள் குடியேறியது எப்போது? 2018 நவம்பர் 15-க்குப் பிறகு முதல் குடியிருப்பு வந்த வீடுகளுக்கு ஆண்டு வாடகை உயர்வு வரம்பு பொருந்தாது. பளபளவென்ற புது அடுக்குமாடி முதல் ஆண்டு மலிவாகத் தெரிந்து, இரண்டாம் ஆண்டு கழுத்தைப் பிடிப்பது இப்படித்தான். கொழுந்தனாரின் உதவி இங்கேதான் பொன். வேலை பிடித்துத் தர வேண்டாம், நீங்கள் பணம் அனுப்பும் முன் வீட்டை நேரில் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். பார்க்காத வீட்டுக்கு இணையத்தில் வைப்புத்தொகை அனுப்பி ஏமாந்தால் திரும்பக் கிடைப்பது அரிது.

ரெஜைனா வீட்டைக் காலி செய்வதிலும் கணக்கு உண்டு. மாத வாடகை முறை என்றால் ஒரு முழு மாத அறிவிப்பு எழுத்தில் வேண்டும். குறிப்பிட்ட கால ஒப்பந்தம் என்றால் அறிவிப்புக் கொடுத்து வெளியேற முடியாது; வேறொருவருக்கு மாற்றிக் கொடுக்க உரிமையாளரின் சம்மதம் கேளுங்கள். நியாயமான காரணமின்றி அவர் மறுக்க முடியாது. உங்கள் வைப்பு திரும்பி வருவதற்குள் ஒன்டாரியோவில் இரண்டு மாத வாடகை கொடுத்திருப்பீர்கள், உதாரணமாக மாதம் 2,000 டாலர் வீடென்றால் முதல் நாளே 4,000. மூன்று மாதச் செலவு கையில் இல்லாமல் கிளம்ப வேண்டாம்.

டிசம்பர் ஏன் தவறு? ரெஜைனாவிலிருந்து டொராண்டோ சாலை வழியாக ஏறக்குறைய 2,700 கிலோமீட்டர். வின்னிபெக், தண்டர் பே, சூ செயின்ட் மரி என்று நான்கு நாள் ஓட்டம். தண்டர் பேக்கும் சூ செயின்ட் மரிக்கும் இடையே சுப்பீரியர் ஏரியின் வடகரையை ஒட்டி ஓடும் பகுதியில் பனிப்புயல் வந்தால் நெடுஞ்சாலையையே மூடிவிடுவார்கள். கைப்பேசிச் சமிக்ஞை இல்லாத நீளங்களும் உண்டு. பையனுக்கும் கல்வியாண்டின் நடுவில் பள்ளி மாறும். ஜூன் கடைசியில் பள்ளி விட்டதும் கிளம்பினால் சாலையும் நன்றாக இருக்கும், செப்டம்பருக்குள் பள்ளியும் அமையும், உங்கள் தேர்வும் முடிந்திருக்கும்.

வரியிலும் டிசம்பருக்கு ஒரு பங்கு உண்டு: டிசம்பர் 31 அன்று நீங்கள் எந்த மாகாணத்தில் வசிக்கிறீர்களோ, அந்த ஆண்டு முழுவதற்கும் அந்த மாகாணத்தின் வரி. ஒன்டாரியோவின் அடிமட்ட விகிதம் 5.05 விழுக்காடு, சாஸ்காட்செவனில் 10.5. ஆனால் வரியில்லாத அடிப்படைத் தொகை சாஸ்காட்செவனில் பெரிது. வித்தியாசம் இருக்கும், அதற்காகப் பனியில் வண்டி ஓட்டும் அளவுக்கு இருக்காது.

இடம்பெயரும் செலவை வருமான வரியில் கழிக்கலாம். புது வீடு, பழைய வீட்டைவிடப் புது வேலையிடத்துக்குக் குறைந்தது 40 கிலோமீட்டர் அருகில் இருக்க வேண்டும். உங்களுக்கு அது பிரச்சினையே இல்லை. லாரி வாடகை, பெட்ரோல், வழியில் தங்கல், பழைய ஒப்பந்தத்தை முறித்ததற்கான கட்டணம், போய்ச் சேர்ந்ததும் 15 நாள் வரை தற்காலிகத் தங்கல், சாப்பாடு எல்லாம் சேரும். சாப்பாட்டுக்கு எளிய முறையில் ஒரு வேளைக்கு ஆளுக்கு 23 டாலர், நாளுக்கு 69 வரை ரசீது இல்லாமலே போடலாம். வீடு தேட முன்கூட்டிப் போய்வந்த விமானச் செலவு சேராது. பெரும்பாலோர் தவறவிடுவது இதை: புது இடத்தில் சம்பாதித்த வருமானத்திலிருந்து மட்டுமே கழிக்க முடியும். மீதி அடுத்த ஆண்டுக்குப் போகும். படிவம் டி1-எம்.

சுகாதார அட்டையைத் தூக்கி எறியாதீர்கள். மாகாணங்களுக்கிடையே மாறும்போது புது மாகாணம் அதிகபட்சம் மூன்று மாதம் காத்திருக்க வைக்கலாம் என்பது கனடா சுகாதாரச் சட்டம். அந்த இடைவெளியில் பழைய மாகாணம்தான் பொறுப்பு. போய்ச் சேர்ந்த வாரமே ஓஹிப்புக்கு (ஒன்டாரியோ அரசின் மருத்துவக் காப்பீடு) விண்ணப்பித்துவிட்டு, சாஸ்காட்செவனுக்கும் இடம் மாறிய தேதியைத் தெரிவியுங்கள். இடைக்காலத்தில் ஆம்புலன்சும் மருந்துக் கடைச் செலவும் பொதுவாக அடங்காது. ரத்த அழுத்த மாத்திரை போன்றவை வேண்டுமானால் முன்கூட்டியே வாங்கிவையுங்கள்.

வண்டிதான் உங்களை அதிகம் அதிரவைக்கப் போகிறது. சாஸ்காட்செவனில் நம்பர் பிளேட்டோடு சேர்த்து அரசுக் காப்பீடு வருகிறது. ஒன்டாரியோவில் தனியார் காப்பீடு. அஞ்சல் குறியீட்டைப் பொறுத்து விலை மாறும், ஸ்கார்பரோவும் பிராம்ப்டனும் விலை கூடிய பகுதிகள். கிளம்பும் முன் அந்த அரசுக் காப்பீட்டு நிறுவனமான எஸ்.ஜி.ஐ.யிடம் உங்கள் இருவரின் ஓட்டுநர் பதிவையும் விபத்துக் கோரிக்கை வரலாற்றையும் எழுத்தில் வாங்குங்கள். அது இல்லாவிட்டால் ஒன்டாரியோவில் நேற்று ஓட்டப் பழகியவர் மாதிரி கட்டணம் போடுவார்கள். வாடகை முடிவாகும் முன்பே, அந்த அஞ்சல் குறியீட்டைச் சொல்லி இரண்டு மூன்று நிறுவனங்களில் விலை கேளுங்கள். வண்டியை 30 நாளுக்குள் ஒன்டாரியோவில் பதிய வேண்டும், ஓட்டுநர் உரிமத்தை 60 நாளுக்குள் மாற்ற வேண்டும். பதிவுக்குப் பாதுகாப்புத் தரச் சான்றிதழ் தேவை. அது 36 நாள்தான் செல்லும். புல்வெளி மாகாணங்களின் சரளைக் கல் கண்ணாடியில் விரிசல் விட்டிருந்தால் சோதனையில் அதுவே தடுக்கலாம், ரெஜைனாவிலேயே மாற்றிவிடுவது மலிவு. ஒன்டாரியோப் பதிவு முடிந்த பிறகு பழைய பிளேட்டை ரத்து செய்தால் மீதிக் காலத்துக்கான பணம் திரும்ப வரும்.

குழந்தைப் பணம் நிற்காமல் வர வேண்டுமானால் வருமான வரித் துறையின் கணக்கில் முகவரியை உடனே மாற்றுங்கள்.

சோபாவையும் கட்டிலையும் விற்றுவிடுங்கள், 2,700 கிலோமீட்டர் சுமக்கும் அளவுக்கு அவற்றுக்கு மதிப்பில்லை. லாரியில் ஏற்றாமல் கைப்பையில் கொண்டுபோக வேண்டியவை: பாஸ்போர்ட்டுகள், பி.ஆர். அட்டைகள், வந்திறங்கியபோது தந்த உறுதிப்பத்திரம், நர்சிங் மதிப்பெண் பட்டியல்கள், முன்பு சொன்ன அந்தக் கோப்பு, பையனின் பள்ளி அறிக்கை. அவனுடைய தடுப்பூசிப் பதிவின் அச்சுப் பிரதியும் அதில் இருக்கட்டும். ஒன்டாரியோவில் பொதுச் சுகாதார அலுவலகம் அதைக் கேட்கும். விவரம் கொடுக்காத பிள்ளைகளைச் சில நாள் பள்ளிக்கு வரக் கூடாது என்று நிறுத்திவைப்பதும் உண்டு.